கண்ணாடி துடைக்காத ஒன்பது நாள்

துறைமுகக் கரையிலுள்ள கடல் ஆய்வு நிலையத்தில் அருள்மலர் பதினேழு வருடமாக ஆய்வுகூட உதவியாளர். அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் நேராகப் படகுகள் கட்டும் ஜெட்டிக்குப் போய்த் தண்ணீர் அள்ளுவாள். குடாத் தண்ணீர் எந்த மாதம் என்ன நிறத்தில் இருக்கும் என்று பதிவேடு பார்க்காமலே சொல்லுவாள். ஆனால் நிலையத்தில் யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை.

றிஷானா அங்கே வந்து இரண்டு வருடம்தான். குறிஞ்சாக்கேணி ஊர்ப் பிள்ளை, பொறியியல் படித்தவள். கொழும்பிலிருந்து கீர்த்தனி என்ற ஓவியர் வந்து, கலைஞரும் விஞ்ஞானியும் பொறியியலாளரும் சேர்ந்து ஒரு டிஜிட்டல் கலைக் கண்காட்சி வைப்போம் என்று கேட்டபோது, நிலையம் அந்த வேலைக்கு றிஷானாவைத்தான் விட்டது. ஜெட்டிக்குக் கீழே ஒரு கருவி, தன் கண்ணாடி வழியே தண்ணீரின் கலங்கலை அளந்துகொண்டிருக்கும். அது அனுப்பும் இலக்கங்களுக்கு ஏற்ப, பழைய களஞ்சியமொன்றின் சுவரில் ஒளியாலான கடல் அசையும். தண்ணீர் தெளிந்திருந்தால் நீலம், கலங்கினால் மண்ணிறம்.

திறப்பு விழாவுக்கு அருள்மலர் புதுச்சேலை உடுத்திப் போனாள். வாசல் பலகையில் மூன்று பெயர்கள் இருந்தன: ஓவியர் கீர்த்தனி, பொறியியலாளர் றிஷானா, நிலைய இயக்குநர் குணரத்தினம். எந்தக் கலங்கலுக்கு எந்த நிறம் என்று ஒரு வாரம் பக்கத்தில் இருந்து கீர்த்தனிக்குச் சொல்லிக்கொடுத்தது அருள்மலர்.

“அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறா,” என்றார் கூட வந்திருந்த கணவர், றிஷானாவைக் காட்டி.

“நிறமெல்லாம் நான் சொன்னது.”

“அப்ப அதை அவையிட்டச் சொல்லும்.”

அவள் சொல்லவில்லை. றிஷானாவோடு நின்று படம் எடுக்கச் சனம் வரிசை கட்டியதைப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கருவியின் கண்ணாடியை மூன்று நாளுக்கு ஒருமுறை துடைப்பது அவளுடைய வேலை. முதல் தடவை மழை பெய்தது, போகவில்லை. இரண்டாம் தடவை நல்ல வெயில், அப்போதும் போகவில்லை. பாசி படிந்தால் கருவி தெளிந்த தண்ணீரையும் கலங்கல் என்றே சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். றிஷானாவின் சுவர் அசிங்கப்படட்டும் என்றுதான் விட்டாள்.

சுவர் அசிங்கப்படவில்லை. மண்ணிறம் அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி நீலத்தை விழுங்கியது. பார்த்தவர்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். வானொலிக்காரர் றிஷானாவைப் பேட்டி கண்டார். தான் செய்த கெடுதியும் அவளுக்கே பேராகப் போனதை அருள்மலரால் தாங்க ஏலவில்லை.

ஒன்பதாம் நாள், குடாவில் தூண்டில் போடும் முஹம்மது தம்பி ஜெட்டியில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, கடல் பழுதாப் போச்செண்டு சுவரில காட்டுறாங்களாம். சந்தையில சனம் என்ட மீனை மணந்து பார்த்திட்டு வெச்சிட்டுப் போகுது. மெய்தானா?”

“இல்ல, முஹம்மது நானா. தண்ணி நல்லாத்தான் இருக்கு. பிழை கருவியில.”

தன்னில் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அங்கிருந்து நேரே றிஷானாவிடம் போய், வேண்டுமென்றே துடைக்காமல் விட்டதைச் சொன்னாள்.

றிஷானா கணினியில் ஒன்பது நாள் இலக்கங்களையும் திறந்து காட்டினாள். “நாலாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்திட்டு அக்கா. கடல் இப்படி ஒரே சீராக் கலங்காது.”

“அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்ல?”

“சுவர் வடிவா வந்திருந்தது. சனமும் வந்துகொண்டிருந்தது.”

அவளும் பிழை விட்டிருக்கிறாள் என்றதும் அருள்மலருக்கு உள்ளே ஒரு சந்தோசம் எழும்பியது. அதை நினைத்து உடனே கூசினாள்.

இருவரும் போய்க் கருவியைத் தூக்கித் துடைத்தார்கள். பின்னேரம் சுவர் நீலமானது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, கருவியைச் சுத்தம் செய்யாததே காரணம் என்று றிஷானா ஓர் அறிவித்தல் எழுதினாள்.

“உங்கட பேர் வேணாமெண்டா, என்ட பேர் மட்டும் போடுறன்.”

“ரெண்டையும் போடுங்கோ.”

குணரத்தினம் இருவரையும் கூப்பிட்டு அரை மணித்தியாலம் ஏசினார். முஹம்மது தம்பி அறிவித்தலைப் படம் எடுத்துச் சந்தை முழுக்கக் காட்டினார். அடுத்த கிழமை ஒரு பத்திரிகை, பிழையை ஒத்துக்கொண்ட இளம் பொறியியலாளரைப் பாராட்டி எழுதியது. அருள்மலர் அதை இரண்டு தரம் வாசித்தாள். இளம் பொறியியலாளரைத் தவிர வேறு யாரும் அதில் இல்லை.

றிஷானா இப்போது கொழும்பில் கீர்த்தனியோடு அடுத்த கண்காட்சி செய்கிறாள். படங்கள் அனுப்புவாள். அருள்மலர் வந்ததும் திறந்து பார்ப்பாள், ஆனால் உடனே பதில் போடமாட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கைகழுவிய பிறகுதான், “நல்லா இருக்கு” என்று எழுதுவாள்.