ஓணானுக்குத் தாய்மாமன்

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை ஓணானுக்குச் சூரியனைப் போட்டுவிடுவது. சுவிட்சைத் தட்டினால் போதும், கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் வந்துவிடும். வெளியே குவைத்து வெயில் காரின் கைப்பிடியைத் தொட விடாது. உள்ளே ஏசியில் விரல் விறைக்கும். பாலைவனத்துப் பிராணியை வாங்கி, பாலைவனத்து நாட்டில் குளிர் அறைக்குள் வைத்து, அதற்கு வெயில் வேண்டுமென்று விளக்கு வாங்கி மாட்டுகிற ஆட்களை இங்கேதான் பார்த்தேன். நான் இந்த வீட்டு டிரைவர். சொந்த ஊர் அன்னவாசல் பக்கம். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரிங்க.

அதன் பெயர் பியர்டட் டிராகன். தாடி வைத்த டிராகன் என்று அர்த்தமாம். ஆஸ்திரேலியாச் சாதி. இரண்டு சாண் நீளம், மண் நிறம், கழுத்தடியில் முள் முள்ளாக இருக்கும். நமக்கு அது ஓணான்தான், தின்று கொழுத்த ஓணான். இந்த வீட்டு மூத்த மகள், காலேஜ் போகிறவள், பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கினாள். தோளில் வைத்துப் படம் எடுத்தாள். பெட்டியில் இருந்த வெள்ளை விளக்கு கண்ணைக் கூசுகிறது, அறைக்கு எடுப்பாக இல்லை என்று கழற்றிவிட்டு நீலக்கலர் விளக்கு மாட்டினாள். சில மாதத்தில் ஓணான் தலை சாய்ந்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது. ஒரே பக்கமாக, செக்குமாடு போல. வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மல்லாந்து விழுந்தால் திரும்பத் தெரியாது. அவள் ‘மிஸ்கீன்’ என்றாள். பாவம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னாள். வேலைக்காரப் பெண் தொடப் பயந்தாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

தலை சுற்றுகிற ஆடு எனக்குத் தெரியும். சித்தன்னவாசல் பாறைப் பக்கம் ஆடு மேய்த்தவன் நான். உச்சி வெயிலில் மனுசன் கால் வைக்க முடியாத பாறையில் ஓணான் ஏறிப் படுத்துக் கிடக்கும். ஓவியம் பார்க்க காரில் வருகிறவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் பார்ப்போம், கல்லால் அடிப்போம். அதற்கு அவ்வளவுதான் மரியாதை. ஆடு தலையைச் சாய்த்துச் சுற்ற ஆரம்பித்தால் அன்றைக்கே கறிக்கடைக்குப் போய்விடும். கீழே விழுந்த பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது பலமுறை நான்தான். ஆடு வழியெல்லாம் ரோட்டோரமாகவே இழுக்கும், நேராக நடக்காது. ஒரு நாளும் எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

இங்கே அப்படி இல்லை. டாக்டர். வெள்ளைக்காரர். ஓணானை வெள்ளைத் துண்டில் வைத்து எக்ஸ்ரே படம் பிடித்தார். சரியான விளக்கு இல்லை, எலும்புக்கும் நரம்புக்கும் சத்துப் போகவில்லை என்றார். கூட வேலை பார்க்கும் மலையாளிப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னாள். நல்லாயிருமா என்று கேட்டேன். முழுக்கச் சரியாகாது, பார்த்துக்கொண்டால் பல வருசம் இருக்கும் என்றாள். சரியாகவும் ஆகாது, சாகவும் சாகாது. வீட்டு எஜமானி மேடத்திடம் வந்து எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். விளக்கை மாற்றினீர்கள், அதனால் வந்தது என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாள் என் அறைக்கு ஒரு புது டியூப்லைட் வந்தது. என் அறையில் வெளிச்சம் போதவில்லை என்று நான் கேட்டதாக நினைத்துவிட்டார். ஓணானுக்கு விளக்கு வாங்க நான் போனில் படம் காட்ட வேண்டியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் காலத்தில் பாலைவனத்தில் இந்த மாதிரியைப் பிடித்துச் சுட்டுத் தின்போம், இப்போது இதற்கு டாக்டர் என்றார். அந்த வீட்டில் எனக்குப் பேச்சு ஒத்துப்போனது அவர் ஒருவரிடம்தான்.

வேலை இதுதான். பெட்டியில் மணலை எடுத்துவிட்டுத் துணி விரிக்க வேண்டும். ஏறி விழாமலிருக்கக் குச்சியை எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தைப் பிடித்துக் குளிப்பாட்ட வேண்டும். மடியில் துண்டு போட்டு உட்கார வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் எடுத்து உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு நக்க அது எடுக்கிற நேரத்தில் நான் அன்னவாசல் போய்த் திரும்பிவிடுவேன். தலை கோணிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் தாடையைத் தாங்க வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்தபோது இவ்வளவு பொறுமையாக யாரும் ஊட்டவில்லை. குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கேன் என்று ஊரில் சட்டையை மடித்துவிட்டுத் திரிகிறவர்கள் செய்கிற வேலையில் இதுவும் ஒன்று. யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி செல்வி போன் செய்தாள். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். நான் ஒருத்தன்தான் மாமன். எனக்காக இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

“குலசாமி கோயில்ல நாள் குறிச்சாச்சுண்ணே. இந்தத் தடவ தள்ளிப்போட முடியாது. எங்க மாமியா வாயில விழ முடியல.”

“வாரேன்” என்றேன்.

மேடத்திடம் இஜாஸா கேட்டேன். லீவு. அவர் யோசிக்கவே இல்லை. போ, அதற்கு முன்னால் அதை டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிடு, மகளும் சரியென்று சொல்லிவிட்டாள் என்றார். மகள் வெளிநாட்டில் சுற்றுலாவில் இருந்தாள். போனில் அழுகிற பொம்மைப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழேயே கிளி வேண்டும் என்று இன்னொரு படம்.

என்னோடு அறையில் இருப்பவன் முருகேசன், சமையல்காரன், விராலிமலைக்காரன். நான் ஊருக்குப் போனால் கொஞ்ச நாள் அதைப் பார்த்துக்கொள்வாயா என்று அவனிடம் கேட்டேன்.

“நான் மனுசனுக்கு ஆக்கிப்போட வந்தவன் மச்சான். அதெல்லாம் ஆகாது.”

“சும்மா கூழுதாண்டா.”

“அவுகளே முடிக்கச் சொல்லிட்டாக. ஒனக்கென்ன நோவு? நீ பிளேன் ஏறு.”

கூடையில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். போகும் வழியில் அது மல்லாந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டித் திருப்பிப் போட்டேன். என் விரலை நகத்தால் பிடித்துக்கொண்டது. பாசமெல்லாம் இல்லை. அது எதையும் பிடிக்கும், துணியையும் பிடிக்கும். கிளினிக் வாசலில் வண்டியில் உட்கார்ந்தே இருந்தேன். வாங்கியது அவர்கள். விளக்கைக் கழற்றியது அவர்கள். முடிக்கிறதுக்கு மட்டும் நான். கறிக்கடைக்கு ஆட்டை இழுத்துப் போனேன் என்றால் அது எங்கள் ஆடு. நாங்கள் பார்த்து வளர்த்தது. இந்த ஆட்களின் அசிங்கத்தை நான் ஏன் அள்ள வேண்டும்? வண்டியைத் திருப்பினேன்.

மேடத்திடம் சொன்னேன். “நான் செய்ய மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் கொண்டுபோங்கள்.”

அவர் கூடையைப் பார்த்தார். தொடவில்லை. அப்படியென்றால் நீயே பார்த்துக்கொள், லீவு இல்லை என்றார்.

செல்வியிடம் சுற்றி வளைக்கவில்லை.

“வர முடியாதுத்தா. ஓணானுக்கு ஒடம்பு சரியில்ல.”

“வெளாடுறியா?” என்றாள்.

“இல்ல.”

“ஓணானக் கல்லால அடிச்சே வளந்தவன் நீ. இப்ப அதுக்குத் தாய்மாமனாப் போயிட்டியாக்கும்.”

போனை வைத்துவிட்டுக் கூழ் கரைக்கப் போனேன்.

காது குத்துகிற அன்று வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே கோயில் வாசலில் வெயில் ஏறிவிட்டது, இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். கூழ் ஊட்டுகிற நேரம். ஓணான் என் மடியில் துண்டில் கிடந்தது. அங்கே சித்தப்பா மகன் சரவணன் பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டிருந்தான். அவனும் மாமன் முறைதான், குறை சொல்ல முடியாது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி அவன் மடியில் உட்கார்ந்து திமிறிக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியோடு குனிந்தார். அவள் கத்தின கத்தலில் போன் இரைந்தது. அழுகையை நிறுத்த செல்வி போனை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

“மாமாவப் பாரு. மாமா அங்கிட்டு இருக்காரு பாரு.”

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தது.

“மாமா மடில யாரு?”

“ஒந் தம்பி” என்றாள் செல்வி. “சேட்டை பண்ணுனா அடுத்து அவனுக்குத்தான் குத்து.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சரவணனும் சிரித்தான். செல்வி சிரிக்கவில்லை. ஆசாரி அடுத்த காதுக்குத் திரும்பினார். நான் ஓணானின் தாடையைத் தூக்கிப் பிடித்து உதட்டோரம் ஒரு சொட்டு விட்டேன். தலை கோணலாக இருப்பதால் அதன் ஒரு கண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கண் மேலே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.