நுரைத்த கஷாயம்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில் ஒரு ஃபிட்டர் இருந்தார். எதைக் கையில் எடுத்தாலும், ஸ்பேனரைக்கூட, முகர்ந்து பார்ப்பார். பம்பாயில் எப்போதோ குடித்த கசப்பு பீரை வீட்டிலேயே காய்ச்சிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார். பார்லிக்குப் பதில் சேத்தூர்க் கம்பை முளைகட்டினார். கசப்புக்கு நிலவேம்பு போட்டார். மூன்று முறை புளித்து நாறிச் சாக்கடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து அடுப்பில் விறகு தள்ளியவன் நான்.

நான்காவது முறை நுரை பொங்கியது. ஆசையோடு ஒரு மடக்கு குடித்தேன். எரிச்சல்தான் வந்தது.

“அண்ணாச்சி, இது காய்ச்சலுக்குக் குடிக்கிற கஷாயம்.”

அவர் டம்ளரை நிதானமாக முகர்ந்தார்.

“எந்தக் கஷாயம்லே இப்படி நுரைக்கும்?”

அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. இன்றைக்கும் காய்ச்சலுக்கு நிலவேம்பைக் கொடுத்தால், முதலில் நுரை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.