அப்புசாமியும் எஸ்டீம் வண்டியின் குரலும்

என் அக்காள் வசந்தாமணியின் கணவர் அப்புசாமி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபத்தேழு ஆண்டுகள் டிரில்லராக இருந்தவர். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு, பாறை இருக்கும் மாநிலமெல்லாம் துளையிட்டுத் திரும்பினார். கம்ப்ரஸரின் இரைச்சல் அவர் காதுகளைச் சிறிது சிறிதாகத் தின்றிருந்தது. அஸ்தம்பட்டி மருத்துவர் எடுத்துத் தந்த செவித்திறன் வரைபடம் என் கோப்பில் உள்ளது. கூர்மையான ஒலிகளின் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. அடிக்குரல் பக்கம் மட்டும் சற்று மேடாக நிற்கிறது. அந்த மேட்டின்மேல்தான் அவர் இப்போது வாழ்கிறார். குருவிகள் இல்லை, பாத்திர ஓசை இல்லை. தொலைவில் இடி இருக்கிறது.

அவரிடம் ஒரு பழைய வெள்ளை எஸ்டீம் கார் உண்டு. கடந்த மாசி மாதம் ஆட்டையாம்பட்டியில் ஒரு துணிக்கடை வாசலில் அதை நிறுத்தியவர், எஞ்சின் ஓடுவது தெரியாமலே இறங்கிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

அன்று அக்காள் முடிவு சொல்லிவிட்டார். “வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாதவருக்கு வண்டி எதுக்குங்க? ஆத்தூர்ல சின்னுசாமின்னு ஒருத்தரு கேக்கறாரு. திங்கக்கெழம பாக்க வாராரு. குடுத்துப்போடலாம்.”

மறுநாள் மச்சான் என்னைத் தேடி வந்தார்.

“எண்ணூறு அடியில தண்ணி தட்டறப்ப ஒரு சத்தம் வரும் மாப்ள. அதுவரைக்கும் வறண்ட இருமலாட்டம் இருக்கும். அப்பறம் பூமியே தொண்டையச் செருமுனாப்பல, கனமா, நெஞ்சுக்குள்ள வந்து உக்காரும். அந்தச் சத்தத்த இந்த வண்டி போட்டா எனக்குக் கேக்கும்.”

அதற்கு ஒரு வழி இருந்தது. எஞ்சினின் நான்கு சிலிண்டர் புகையையும் குறுகிய வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் நெரிப்பது கம்பெனி மேனிஃபோல்டு. அதைக் கழற்றிவிட்டு, நான்கு தனிக் குழாய்கள் வளைந்து இறங்கி ஒன்றுசேரும் ஹெட்டரைப் பொருத்தினால் குரல் தாழ்ந்து கனக்கும். சைலன்சர் இருந்தபடியே இருக்கும், ஊருக்குத் தொல்லையில்லை.

இந்த வேலையை நான் யாரிடமும் படித்ததில்லை. சேலத்தில் ஒரு பட்டறை என் காரின் மேனிஃபோல்டை உடைத்துவிட்டு, ‘வரும்போதே விரிசல்’ என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தது. விரிசல் இல்லாமல்தான் விட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை. அன்றிலிருந்து தாள் எதையும் எறிவதில்லை. என் வண்டியை நானே பிரிக்கிறேன்.

சனிக்கிழமை காலை, மரவள்ளிக் காட்டோரம் இருக்கும் அவர் வீட்டு வாசலில் தொடங்கினோம். முதல் நாளே துருவுக்கு எண்ணெய் அடித்திருந்ததால் பழையது முனகலோடு கழன்று வந்தது. புகை கசியாமல் இடையில் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து, ஹெட்டரை ஏற்றி, எட்டு நட்டுகளையும் விரலால் திருகினோம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவு காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினேன்.

“டாக்டரு காது பாக்கற மிசினாட்டம் இருக்குது” என்று சிரித்தார்.

நான் முகம் கழுவப் போன நேரத்தில், ரிக்கில் செய்கிறபடியே ஸ்பேனரின் வாலில் இரண்டடிக் குழாயைச் சொருகிச் சாய்ந்துவிட்டார். ரிக்கில் அப்படி இறுக்காத நட்டு நட்டே அல்ல. ஆனால் இது எஞ்சினின் அலுமினியத் தலையில் நிற்கும் சிறிய ஸ்டட், நட்டு ஏறும் மரையாணி. நான் திரும்பியபோது குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு போச்சு மாப்ள. ஏழு இருக்குதல்ல? கேட்டுப் பாக்கலாம்.”

சாவியைத் திருப்பினார். வண்டி தாழ்ந்த குரலில் எழுந்தது. அவர் கண்கள் தாமாக மூடின. மரவள்ளி இலைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்ற அந்த முற்பகலில், அவர் எங்கோ தொலைதேசத்துக் கரிசலில் நின்று, தண்ணீர் மேலேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்போல் இருந்தார்.

எனக்கும் அக்காளுக்கும் வேறொன்றும் கேட்டது. உடைந்த ஸ்டட்டின் ஓரத்தில் புகை கசிந்து, பல்லி கத்துவதுபோல் ‘டிக் டிக்’ என்றது.

“ஏனுங்க, பல்லி கத்துதுங்க!” அக்காள் அவர் காதருகே குரலெழுப்பினார்.

“எனக்குக் கேக்கலியே புள்ள.”

“அதுக்குத்தானுங்க சொல்றது, குடுத்துப்போடலாம்னு.”

அவர் இறங்கி வந்து, ஹெட்டரின் விளிம்புக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். சூடான காற்று விட்டுவிட்டுத் தட்டியது. பிறகு எஞ்சினை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினோம். ஸ்டட் எஞ்சின் தலையின் மட்டத்தோடு முறிந்திருந்தது. அதன் நடுவில் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். துளை சிறிது விலகினாலும் அலுமினியம் பாழ். எனக்குத் துணிவு வரவில்லை. மச்சான் கை டிரில்லை வாங்கிக்கொண்டார். மண்டியிட்டு, இடக்கை விரல்களை டிரில்லின் கழுத்தில் வைத்தார். ரிக்கில் பாறை மாறுவதைத் துளையிடும் ராடில் கைவைத்தே அறிவார்களாம். இரும்புச் சுருள் மெல்லியதாக வழிந்தது. நேரம் அதனோடு வழிந்தது. ஆயிரம் அடி இறக்கியவர் ஓர் அங்குலத்துக்கு அரை மணி எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் சுற்றினால் கடித்துப் பிடிக்கும் ஆணியை அதற்குள் செலுத்தித் திருப்ப, முறிந்த துண்டு முழுதாக வந்தது. புது ஸ்டட்டும் புதுக் கேஸ்கெட்டும் வைத்தோம். இம்முறை அளவு வந்ததும் ரென்ச் ‘கிளிக்’ என்று விடுவதை விரலில் வாங்கி, அங்கேயே நிறுத்தினார்.

பல்லிச் சத்தம் போயிருந்தது. அக்காளுக்கு அது போதவில்லை.

“அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. ஓடுனா கையத் தூக்குங்க.”

அவர் காட்டைப் பார்த்து, பத்தடி தள்ளி நின்றார். அக்காள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினார், கை உயர்ந்தது. அணைத்தார், இறங்கியது. மூன்றாம் முறை சாவியைத் தொடாமல் வாய்க்குள் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். காற்று வந்தது, போனது. கை உயரவேயில்லை.

“என்ன புள்ள, தூங்கிட்டியா?” என்றார் அவர், திரும்பாமலே.

அக்காள் என் பக்கம் பார்த்து, “தம்பி, ஆத்தூர்க்காரருக்கு வர வேண்டாம்னு ஒரு போனப் போட்டுருப்பா” என்றார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் ஏறி அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.