கேன்டீன் சுவரில் என் தொப்பை

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு வாட்டர்கலர் படம் மாட்டினார்கள். மழை விட்ட சாயங்காலத்து பஸ் ஸ்டாப். ஈரத் தார் ரோட்டில் லாரிகளின் பின்விளக்குச் சிவப்பு குங்குமம் கரைந்ததுபோல வழிந்தது. தினமும் நாங்கள் திட்டுகிற ஜங்ஷன் இத்தனை அழகா என்று வாயைப் பிளந்தேன். பிளந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பஜ்ஜிக் கடை ஓரத்தில், கம்பெனி நீலச் சட்டையில், தொப்பையை முன்னே தள்ளி நிற்பது நான்.

அதை வரைந்த அன்று நான் ஜுரம் என்று லீவு சொல்லியிருந்தேன். எதிரே ஒருவர் வரைவதைப் பார்த்து போஸ் வேறு கொடுத்தேன். நான் காண்டிராக்ட் ஆள். பொய் தெரிந்தால் வேலை போய்விடும்.

சூப்பர்வைசர் தட்டோடு வந்து படத்தை உற்றுப் பார்த்தார். நான் என் தட்டில் குனிந்துகொண்டேன்.

"யாருய்யா இது? மூஞ்சியே இல்ல?"

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சொட்டுப் பழுப்பு நிறம்தான். அந்தச் சொட்டுக்காக ஓவியரை மனதுக்குள் கும்பிட்டேன்.

"தெர்ல சார். எவனோ சோம்பேறி."

"தொப்பைய மட்டும் எங்கியோ பாத்துக்கீறேன்யா" என்று என் பக்கம் திரும்பினார்.

இப்போதும் தினம் அந்தப் படத்தின் முன் நின்று ரசிக்கிறேன், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு.