இரவல் குப்பை

குப்பையை இரவல் வாங்கின குடும்பம் சிதம்பரத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் சர்க்கரை வாங்குவார்கள், காபித்தூள் வாங்குவார்கள், அவசரத்துக்கு கேஸ் சிலிண்டர்கூட வாங்குவார்கள். நாங்கள் முறத்தைக் கொடுத்தனுப்பிக் குப்பை வாங்கினோம். எல்லாம் அப்பாவின் சுறுசுறுப்பால் வந்த வினை.

பொங்கலுக்கு முன்னால் வீடு ஒழிப்பது என்பது எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து செய்கிற வேலை. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கடலூரில் ஒரு பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான், ஆனாலும் சும்மா அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட முடியாது. மாமனார், மாமியார், கொழுந்தன்மார் என்று அத்தனை பேருக்கும் யார் சமைப்பது? வேலை என்று சொன்னால்தான் விடுவார்கள். அதனால் மார்கழிக் கடைசி வந்துவிட்டால் அம்மாவுக்குத் தவறாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பரணிலிருந்து சாமான் இறக்க ஆள் இல்லாமல் போகும். சித்தி வந்து மூன்று நாள் தங்குவாள். வீடு ஒழிந்ததோ இல்லையோ, சிரிப்புச் சத்தம் ஒழியாது. ஒரு அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தால், அது தங்கள் அம்மா வீட்டு அண்டா என்று தொடங்கி, என்றைக்கோ ஒரு வாத்தியார் சேற்றில் வழுக்கி விழுந்தது வரைக்கும் போய்விடுவார்கள். அண்டா பாதி கறுப்பும் பாதி பளபளப்புமாகக் கிடக்கும்.

அப்பாவுக்கு இது பொறுக்காது. அவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வருஷம் பார்த்து, வேலையைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்று அங்கே ஏதோ டிரெயினிங் கொடுத்திருந்தார்கள். அதோடு விட்டார்களா, ஆளுக்கொரு விசிலும் கொடுத்துத் தொலைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கூடத்தில் விசில் சத்தம்.

"மேலேர்ந்து கீழ, உள்ளேர்ந்து வெளிய. ஒரு ரூம் முடியாம அடுத்த ரூமுக்கு யாரும் போவக் கூடாது!"

அப்பா ஏணிமேல், நான் ஏணிக்குக் கீழே, அம்மா குழாயடியில். சாமான்கள் கைமாறிக்கொண்டே போயின. முதலில் ஒட்டடை, பிறகு பரண், அலமாரி, ஜன்னல், கடைசியில்தான் தரை. "பரணை மட்டும் விட்டுடுங்களேன்" என்று அம்மா குழாயடியிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தாள். தன் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து அப்பா இன்னும் வேகமாக ஏறினார். குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் வரும்போது மூட்டை வாசலில் தயாராக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதே பெருமையில்தான் அப்பா கடலூருக்குப் போன் போட்டார். எடுத்தது சித்தியின் மாமியார். "வீடு கிளீன் ஆயிடுச்சும்மா. ஒங்க மருமக இந்த வருஷம் வந்து கஷ்டப்பட வேணாம்" என்றார் அப்பா. ஈரக் கையோடு ஓடிவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதற்கும் அழாத அம்மா அன்றைக்கு அழுதாள்.

"வருஷத்துக்கு மூணு நாளு. அதையும் சேத்துப் பெருக்கித் தள்ளிட்டீங்களே!"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். மறுபடியும் போனை எடுத்து, பரணில் ஒரு பக்கத்தை மறந்துவிட்டோம், குப்பை ரொம்ப ஜாஸ்தி, சித்தி வந்தால்தான் ஆகும் என்று தடுமாறிச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அப்பிடியா தம்பி? நாளைக்குக் காலைல நானே கூட்டியாந்து உடறேன். நடராஜரப் பாத்தாப்பலயும் ஆச்சு."

போச்சு! வீட்டில் மருந்துக்குக்கூடக் குப்பை இல்லை. இருந்ததெல்லாம் வண்டியேறிப் போய்விட்டது. கடைசியில் அம்மாதான் முறத்தை என் கையில் கொடுத்தாள். எதிர்வீட்டு அக்கா கிறிஸ்துமஸ் குடிலை அன்றைக்குத்தான் பிரித்து, மண் பொம்மைகளை எடுத்து வைத்துவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நட்சத்திரம் மட்டும் இன்னும் தொங்கியது.

"அக்கா, குப்பை இருந்தா ஒரு மொறம் வேணுமாம்."

"எதுக்குடி?"

"பரண்ல போடறதுக்கு."

விஷயம் தெரிந்ததும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. முறம் நிறையக் கொடுத்து, மேலே ஒட்டடையும் சுருட்டி வைத்தார். அப்பா சல்லடையோடு ஏறி, பரணிலும் கீழே அலமாரித் தட்டிலும் ஒரே சீராகத் தூவினார். விசில் ஊதவில்லை.

மறுநாள் சித்தியின் மாமியார் வந்தார். பெரிய கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு, முட்டி வலி. எங்கள் வீட்டு இரண்டு படியையே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பின்னால் சித்தி பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. மாமியார் நேராக அலமாரிக்குப் போய்த் தட்டைக் கையால் வழித்தார். உள்ளங்கையில் தூசி, கொஞ்சம் ஜிகினா, நடுவில் விரலளவு ஒரு மண் ஒட்டகம்.

அவர் ஒட்டகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் சுவரிலிருந்த முருகனைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்தார்.

"பாப்பாவோட வெளையாட்டு சாமான்" என்றார் அப்பா. இல்லையே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

"அடேயப்பா, எம்மாங் குப்ப! மூணு நாளு போறாது போலருக்கே" என்று மாமியார் சித்தி பக்கம் திரும்பினார். "போகி வரைக்கும் இருந்து நல்லா ஒழிச்சிக் குடுத்துட்டு வா."

சித்தி பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அந்த மாமியாரை நினைத்தால் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய கண்ணாடி போட்டும் கண் சுத்தமாகத் தெரியவில்லையே!

மாமியார் காபி குடித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும், அவரைக் கடலூர் பஸ் ஏற்றிவிட அப்பா வண்டியை எடுத்தார்.

"கடலூருக்கு இல்ல தம்பி, வடலூர் பஸ் ஏத்தி உடுங்க. எந் தங்கச்சி வீடும் இப்பிடித்தான் குப்பையாக் கெடக்குதாம். நானும் ரெண்டு நாளு இருந்து ஒழிச்சிக் குடுக்கப் போறேன்."

"அங்க நம்ம வீட்ல சமையலுக்கு, அத்தை?" என்று சித்தி இழுத்தாள்.

"அப்பனும் புள்ளைங்களும் பொங்கித் தின்னட்டும்."

வண்டியில் ஏறுவதற்கு முன் நொண்டி நொண்டித் தெருவைத் தாண்டிப் போய், எதிர்வீட்டு அக்காவின் கையில் அந்த ஒட்டகத்தை வைத்தார். "வழி தவறி அங்க வந்துடுச்சிம்மா" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்குள் அம்மாவும் சித்தியும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கவலையாக இருந்தது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் அங்கே போய் எப்படிப் பரண் ஏறுவார்? வெகுநேரம் யோசித்துப் பார்த்து, வடலூர் வீட்டில் பரண் இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.