அர்ச்சனையில் மாற்றிச் சொன்ன நட்சத்திரம்

ஜாதகத்தை நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சங்கரன்கோவிலில் விசைத்தறி மெக்கானிக்காகப் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஓடாத தறிக்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கிரகத்தில் தேடக்கூடாது என்பது என் கட்சி. என் மனைவிக்குத் திருவாதிரை நட்சத்திரம். மார்கழியில் அவள் களி கிண்டும்போதெல்லாம், "என்னட்டி, உன் நட்சத்திரத்துக்கு விருந்தா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

ஊரடங்குக்கு முந்தைய மார்கழி அது. அவளுடைய இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்குள் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய், டயாலிசிஸ் முடித்துப் பொழுது சாயத் திரும்புவோம். வழியெல்லாம் "சரியாயிரும், சரியாயிரும்" என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அவளும் அதை நம்பித்தான் ஊசிக்குக் கையை நீட்டினாள்.

டீக்கடையில் பேப்பர் புரட்டும்போது அந்தச் செய்தி கண்ணில் பட்டது. திருவாதிரை நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கி வருகிறதாம். ஆயுள் முடியப்போகிற நட்சத்திரம், வெடித்துச் சிதறினாலும் சிதறலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். லட்சம் வருஷம் கழித்து நடக்கலாம் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை நானும் படித்தேன், ஆனால் மனதில் நிற்கவில்லை. கடைக்காரரிடம் கேட்காமலே பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருட்டியதும் மாடிக்குப் போய், பேப்பரில் இருந்த படத்தை வைத்துத் தேடினேன். கிழக்கே கரி பிடித்த பல்பு மாதிரிச் சிவந்து கிடந்தது. அதற்கு மேலே ரோகிணி நன்றாக எரிந்தது. இதற்கெல்லாம் பயப்படுகிறேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அந்த வாரம் கோமதி அம்மன் சந்நிதியில் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்லி, "ரோகிணி நட்சத்திரம்" என்றேன். சாகப்போகிற நட்சத்திரத்திலிருந்து அவளைப் பெயர்த்து, நல்லதாக ஒன்றில் நட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நான்தான் அப்படி நினைத்தேன்.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள். "இம்புட்டு வருசம் கழிச்சு எம் நட்சத்திரம் மறந்து போச்சா? இல்ல, ரோகிணிக்காரி எவளையும் பாத்து வச்சிருக்கியளா?"

வேறு வழியில்லாமல் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"லட்சம் வருசம் ஆகும்னும் போட்டிருக்கே. அத விட்டுட்டியளே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தாள். "ஜோசியத்த நம்பாத ஆளு நீங்க. நீங்களே இப்படிச் செய்தியன்னா, எனக்குச் சரியாவாதுன்னு முடிவு பண்ணிட்டீய. அப்படித்தான?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பேப்பரை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, கோவிலில் பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் "சரியாயிரும்" என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பங்குனி பிறந்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. நட்சத்திரம் வெடிக்கவில்லை, பழையபடி பிரகாசமாகி வருகிறது என்று. அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். "ஏட்டி, தெளிஞ்சுட்டாம். நீயும் தெளிஞ்சிருவ" என்றேன்.

அவள் பேப்பரை வாங்கவில்லை. "அதுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் கையில ஊசி குத்த வேண்டாம்லா" என்றாள். "எனக்குப் போதும். உங்களுக்காவத்தான் இத்தன நாளும் வந்தேன்."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் செருப்பு மாட்டவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தாள்.