மாமாவின் காதும் துவாக்குடிக் கச்சேரியும்

திருச்சி பாலக்கரையில் என் மாமாவுக்கு மைக் செட் கடை இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் செட் போடுவார் என்றாலும், அவர் பெயர் எடுத்தது ஸ்ரீரங்கத்தில்தான். அங்கே மார்கழியில் உபன்யாசம் நடக்கும். மாமா மைக் வைத்தால் அது கூவாது, இரையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். ஒருமுறை உபன்யாசம் செய்த பெரியவர் மேடையிலேயே, "இந்த மைக்காரருக்குப் பெருமாள் காதை விசேஷமா அனுக்ரஹம் பண்ணியிருக்கார்" என்று சொல்லிவிட்டார். மாமா அதை எங்கள் வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொள்வோம்.

அப்பேர்ப்பட்ட காதில்தான் அந்த வருஷம் கோளாறு. வலது காதில் ஓயாத இரைச்சல். டாக்டர் ஏதோ டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமா அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சுற்றினார். போனால்தானே தெரியும், தெரிந்தால்தானே கவலை என்பது அவருடைய யோசனை. உண்மையில் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். காது போன மைக் செட்காரர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வீட்டில் பெரியவர்களுக்கெல்லாம் இது தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணான எனக்குத் தெரிந்தது, மாமாவுக்குக் காதுவலி, பஞ்சு வைத்திருக்கிறார், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அத்தை முறைப்பார் என்பது மட்டும்தான்.

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருந்தபோது கடைக்கு நான்கு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். துவாக்குடிக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்துப் பொட்டலில் ஒருநாள் பாட்டு விழா நடத்துகிறார்களாம். பங்க் ராக் என்று ஏதோ மேல்நாட்டுப் பாட்டின் பெயர் சொன்னார்கள். செட் போட ஒத்துக்கொண்டிருந்த சென்னைக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். பேசியது அவர்களில் ஒரு அக்கா. தலையில் ஒரு பக்கம் முடி, மறுபக்கம் மொட்டை. மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, சமயபுரத்துல மொட்டை போடுறப்போ பாதியிலேயே எழுந்திரிச்சு வந்துட்டியா?"

"ஆமாண்ணா, மீதிக்கு டோக்கன் தீந்து போச்சு" என்றாள் அவள், சற்றும் முகம் மாறாமல். மாமாவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. கச்சேரிதானே, ஜமாய்த்துவிடலாம் என்று அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வழக்கமாக மறுக்கிற அத்தை அன்று உடனே சம்மதித்ததோடு, என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் ஒரு வேலையும் கொடுத்தார். "மாமாவை ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல நிக்க விடாத. காதைப் பத்தி எதையாவது சொல்லி பயமுறுத்தித் தொலைக்காத. எப்படி இருக்குன்னு கேட்டார்னா, நல்லாத்தான் கேக்குது மாமான்னு சொல்லிடு. புரிஞ்சுதா?" எனக்கு நன்றாகவே புரிந்தது. பரீட்சைக்குப் படிப்பது போல வேனில் போகும்போது மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பொட்டலைச் சுற்றிலும் சீமைக்கருவேலம். நடுவே இரும்புக் குழாயில் கட்டிய மேடை. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் குழுக்கள் வந்துகொண்டிருந்தன. நான் அதுவரை அப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்ததில்லை. காதில் ஊக்கு மாட்டிய ஒருவன், கிழிந்த சட்டையை இன்னும் கொஞ்சம் கத்தரியால் கிழித்துக்கொண்டிருந்தான். தலையில் பச்சைச் சாயம் அடித்திருந்த ஒரு அக்கா, நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டு தொட்டுப் பார்க்கிறாயா என்று குனிந்தாள். தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார் போல இருந்தது. இவ்வளவு முரட்டு வேஷம் போட்டவர்கள், மாமாவின் ஆட்கள் பாக்ஸ் இறக்கும்போது கேட்காமலே ஓடி வந்து தோள் கொடுத்தார்கள்.

குழுக்கள் தாமதமாக வந்ததால் யாரும் முன்கூட்டி வாசித்துப் பார்க்கவில்லை. மாமா தானே மைக்கில் "ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்லிச் சரிபார்த்தார். பளிங்கு போல இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவர அவருடைய ஆட்கள் இருவரும் துவாக்குடிக்குப் போனார்கள். பதினோரு மணிக்கு கொச்சிக் குழு மேடையேறியது.

முதல் அடியிலேயே மாமாவின் முகம் சுருங்கியது. கிடாரிலிருந்து வந்தது கிடார் சத்தமே இல்லை. ஒரே கரகரப்பு. தகரத்தை ரோட்டில் இழுத்துப் போனால் எப்படி இருக்குமோ அப்படி. மாமா அதுவரை செட் போட்டதெல்லாம் மெல்லிசைக் குழுக்களுக்கு. அங்கே கிடார் குழைந்து குழைந்து வரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து பாக்ஸ் அருகே ஓடினார். அத்தை சொன்ன முதல் கட்டளை அங்கேயே காற்றில் போனது. ஒயரை மாற்றினார், பின்னைப் பிடுங்கிச் சொருகினார், அடுத்த பாக்ஸுக்கு இணைப்புக் கொடுத்துப் பார்த்தார். அதிலும் கரகரப்பு.

பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். திருச்சியில் எந்தக் கூட்டத்திலும் மைக் லேசாகக் கரகரத்தாலே போதும், நூறு கை உயர்ந்து மேடையைக் காட்டும். "ஏய் மைக்கு!" என்று கத்துவதற்கென்றே சிலர் வருவார்கள். இங்கே சில நூறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. எல்லாரும் ஆனந்தமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா மெதுவாக வந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பலகை முன்னால் உட்கார்ந்தார். வலது காதிலிருந்து பஞ்சை எடுத்தார். ஹெட்போனை அந்தக் காதில் வைத்துக் கேட்டார். இடது காதுக்கு மாற்றிக் கேட்டார். என் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"பாப்பா, உண்மையைச் சொல்லு. கிடார் சத்தம் உனக்குக் கரகரன்னு கேக்குதா?"

கேட்டது. என் பல்லெல்லாம் கூசும்படி கேட்டது. ஆனால் நான் நல்ல பிள்ளை. சொல்லிக்கொடுத்ததை மறக்காதவள். "நல்லாத்தான் கேக்குது மாமா" என்றேன். கூடவே இருக்கட்டும் என்று, "ரொம்ப நல்லா கேக்குது" என்று நானாகவே ஒன்று போட்டேன்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கையிரண்டையும் மடியில் போட்டுக்கொண்டார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. செட் போட்ட இடத்தில் அவருடைய விரல் எப்போதும் ஏதாவது ஒரு திருகிலேயே இருக்கும். கொச்சிக்காரர்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மூச்சுகூட விடாமல் இருபது நிமிஷம் வாசித்தார்கள். அந்த இருபது நிமிஷமும் மாமா அப்படியே இருந்தார். பசி போலிருக்கிறது என்று நினைத்து, அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அடுத்தது பாதி மொட்டை அக்காவின் குழு. அவள் கிடாரை மாட்டிக்கொண்டு ஒயரைச் சொருகும்போது மாமா எழுந்து மேடையோரம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தொழிலில் இருபது வருஷம் இருந்த மனுஷர், ஒரு கல்லூரிப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்காத. கிடார் கரகரன்னு வருதா, இல்ல எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதா?"

அவள் பதறிப்போய்விட்டாள். "ஏண்ணா, பத்தலையா? இன்னும் கரகரன்னு இருக்கணுமா? இருங்க, கூட்டுறேன்."

காலடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி கிடந்தது. அதிலிருந்த திருகைக் குனிந்து திருகினாள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே விளக்கினாள். இந்தப் பெட்டியை மிதித்தால் கரகரக்கும், மறுபடி மிதித்தால் நின்றுவிடும். வேண்டுமென்றுதான் இப்படி வாசிக்கிறோம். வழவழவென்று இருந்தால் எங்களுக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டு மிதித்துக் காட்டினாள். கிடார் தேனாக ஒலித்தது. மறுபடி மிதித்தாள். தகரம்.

"இன்னொரு தடவை மிதிம்மா" என்றார் மாமா.

மிதித்தாள்.

"இன்னொரு தடவை."

வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். அவள் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்திருப்பாள். ஒரு தடவைகூட எதற்கு என்று கேட்கவில்லை. கூட்டமும் அதைப் பாட்டின் ஆரம்பம் என்று எண்ணி ஒவ்வொரு மிதிக்கும் ஆரவாரம் செய்தது. மாமா சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். ஒரு பெட்டியை மிதிப்பதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா சிரித்தால் எனக்குச் சந்தோஷம். அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கும். வருஷக்கணக்காகக் கரகரப்பைத் துரத்தித் துரத்தி அடித்தவர், அன்று அதை விருந்தாளியாக உட்காரவைத்து உபசாரம் செய்தார். எவ்வளவு வேணும், இது போதுமா என்று ஒவ்வொரு குழுவையும் கேட்டுக் கேட்டு வைத்தார். வேனிலிருந்த பழைய குழாய் ஸ்பீக்கர் இரண்டை இறக்கி மேடையின் இரு பக்கமும் கட்டி, அக்காவின் குரலை அதன் வழியே விட்டார். பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறரை மணிக்கே பூட்டுவதைப் பற்றி அவள் பாடினாள். தஞ்சாவூர் ரோட்டில் போன லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தார்கள். மேடையில் துளி பயம் இல்லாமல், தொண்டை கிழிய, ஆனால் ஒரு சொல்கூடச் சிதையாமல் அவள் கத்தியதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பெரியவளானால் பாதி மொட்டை போட்டுக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டத்தின் நடுவில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ள ஆரம்பித்தார்கள். சண்டை வந்துவிட்டதென்று மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒருவனுடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். குனிந்து தேடி எடுத்தார்கள். ஒருவன் தன் சட்டையில் துடைத்து, அவன் முகத்தில் மாட்டியும் விட்டான். பிறகு மறுபடி இடித்துக்கொண்டார்கள். எங்கள் ரேஷன் கடை வரிசையில் இந்த மரியாதை கிடையாது.

ஆறு மணிக்கு முடித்தாக வேண்டுமென்று போலீஸ் அனுமதி. முடிந்ததும் அக்கா வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணா, எந்த ஊர்லயும் எங்க பாட்டை இப்படி யாரும் கேக்க வெச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டுவதற்குள் போய்ச் சேர ஹாஸ்டலுக்கு ஓடினாள்.

திரும்பும்போது வேனில் மாமா சட்டென்று என்னைக் கேட்டார். "ஏன் பாப்பா, உனக்குக் கரகரன்னு கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சு மாமா. அத்தைதான் நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க."

மாமா மறுபடி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பால்பண்ணை ஸ்டாப் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "இனிமே யார் என்ன சொன்னாலும் சரி, என்கிட்ட உன் காதுக்குக் கேக்குறதை மட்டும்தான் சொல்லணும்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலையில் மாமா தானாகவே அந்த டெஸ்டுக்குப் போய்வந்தார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

மார்கழி பிறந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைசி வரிசையில் உட்காரவைத்து, எப்படிக் கேட்கிறதென்று பார்த்துச் சொல் என்றார். நான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். "ஷா, ஸான்னு வரும்போதெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு மாமா." உடனே போய்த் திருகைத் திருகிவிட்டு அங்கிருந்தே என்னைப் பார்ப்பார். இன்னும் என்று கையைக் காட்டுவேன். இன்னும் குறைப்பார். போதும் என்று கையைத் தூக்கினால் விட்டுவிடுவார். அந்த மார்கழியும் அதற்கடுத்த மூன்று மார்கழியும் இதுதான் என் உத்தியோகம். மாமாவைவிட எனக்குத்தான் காது கூர்மை என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

அந்த ஊசிச் சத்தம் மாமாவின் வலது காதுக்குக் கேட்பதே இல்லை என்பதும், இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக அதே வழியில் போகும் என்று டெஸ்ட் எடுத்த அன்றே டாக்டர் சொல்லியனுப்பினார் என்பதும், அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

உபன்யாசம் நீண்டுபோகிற நாட்களில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அப்போதெல்லாம் காதே கொடுக்காமல், போதும் என்று கையைத் தூக்கிக் காட்டிவிடுவேன். மாமா அதை நம்பி, திருகிலிருந்து விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.